98 சொல்லாத கணக்கு

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் கிடக்கிறது. விரலை நுழைத்தால் 98 என்கிறது, மனசு சமாதானமாகிவிடுகிறது. அந்த எண்ணை அவ்வளவு சீக்கிரம் நம்பிவிடக் கூடாது. ஏன் என்று புரிய, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிற விதத்தை முதலில் பார்ப்போம்.

காங்கேயத்துக்காரர்களுக்குக் கொப்பரைக் களம் தெரியும். களத்தில் மூட்டை ஏறும், எண்ணெய் ஆலையில் இறங்கும். உடம்பில் நுரையீரல்தான் களம், தசை ஆலை, வண்டி ஹீமோகுளோபின். ஒரு வண்டிக்கு நான்கே மூட்டை: நான்கு இரும்பு அணுக்கள், ஆளுக்கொரு ஆக்சிஜன் மூலக்கூறு. வண்டியே இல்லாவிட்டால் ஒரு லிட்டர் ரத்தத்தில் கரைந்து போகும் ஆக்சிஜன் சுமார் 3 மில்லிதான். வண்டி இருப்பதால் 200 மில்லி போகிறது.

இறக்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உழைக்கிற தசையில் சூடு ஏறும், கரியமில வாயு சேரும். அங்கே ஹீமோகுளோபினின் பிடி தளர்ந்து சரக்கு கூடுதலாக இறங்கும். கரியமில வாயுவின் இந்த வேலையை டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர் 1904-ல் சொன்னார். பாரம் இழுக்கும் காங்கேயம் காளையின் தொடையிலும் இதே ஏற்பாடுதான்.

ஆக்சிமீட்டர் பார்ப்பது, போகிற வண்டிகளில் எத்தனை பங்கு நிறைந்திருக்கிறது என்பதை மட்டும். மொத்தம் எத்தனை வண்டி என்று அதற்குத் தெரியாது. பனியன் கம்பெனியில் நாளெல்லாம் தைக்கிற ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 15-க்குப் பதில் 7.5 என்று வையுங்கள். கருவி அவருக்கும் 98 காட்டும். லிட்டருக்குப் போவதோ 100 மில்லி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை 'வேலை அலுப்பு' என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதைக் கண்டுபிடிக்க விரல் கருவி உதவாது. ரத்தப் பரிசோதனைதான் வழி.

இன்னொரு ஏமாற்று, கரி நெருப்பில் இருக்கிறது. தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்கும் ஊர்ப்பக்கம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். காற்றுப் போதாமல் கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். மணமில்லை, நிறமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இரும்பைப் பிடித்துக்கொண்டு, மூட்டை வைக்கும் இடத்தில் அதுவே உட்கார்ந்துவிடும். சாதாரண ஆக்சிமீட்டரின் இரண்டே ஒளிகளுக்கு இந்த வண்டியும் நிறைந்த வண்டியாகவே தெரியும். மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கியவர் மயங்கிக் கிடப்பார், கருவி 98 காட்டும். அவரை முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும், பிறகு ஆஸ்பத்திரி. ரத்தத்திலிருக்கும் நச்சு பாதியாகக் குறைய வெறும் காற்றில் நான்கைந்து மணி நேரம் ஆகும்; முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறைந்துவிடும்.