டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீங்க, மாமா

காலை ஏழு மணிக்குப் போன். "மருமவனே, குர்லாவுல எறங்கிட்டேன். ஆட்டோக்காரன் செம்பூருக்கு நானூறு கேக்கான். ஏறட்டுமா?"

அம்பாசமுத்திரத்திலிருந்து சென்னை போய், அங்கிருந்து வண்டி மாறி வந்திருந்தார் மாமா. அவர் இறங்கியது குர்லா ஸ்டேஷன் அல்ல, லோக்மான்ய திலக் டெர்மினஸ். அதன் பழைய பெயர் குர்லா டெர்மினஸ் என்பதால் ஊர்க்காரர்கள் இன்னும் 'குர்லா' என்றே சொல்கிறார்கள். அதற்குப் பக்கத்து லோக்கல் ஸ்டேஷன் ஹார்பர் லைனில் உள்ள திலக் நகர். திலக் நகருக்கு அடுத்த ஸ்டேஷன்தான் செம்பூர். இரண்டாம் வகுப்பு டிக்கெட் ஐந்து ரூபாய்.

பரேல் டாடா மெமோரியலில் சிகிச்சைக்கு, மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்துக்கு, தாராவியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு என்று மூன்று நாள், நாலு நாள் வந்துபோகிற தமிழர்கள் எத்தனையோ பேர். யாரிடமும் கார் இருக்காது. இந்த ஊரில் கார் இல்லாதது ஒரு குறையே அல்ல. ஏதாவது தப்பாகப் போனால் சட்டம் நமக்கு என்ன தருகிறது, அதைக் கேட்க நம் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

முதலில் அந்த நானூறு ரூபாய். 2025 பிப்ரவரி 1 முதல் மும்பையில் ஆட்டோவுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 26 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 17 ரூபாய் சொச்சம். கறுப்பு மஞ்சள் டாக்ஸிக்கு 31 ரூபாயில் மீட்டர் தொடங்கும். நள்ளிரவிலிருந்து காலை ஐந்து மணி வரை கால் பங்கு கூடுதல். ஆக மூன்று கிலோமீட்டர் போனாலும் ஆட்டோவுக்கு ஐம்பது சொச்சம்தான். சென்னையில் பேரம் பேசிப் பழகியவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் மும்பையில் மீட்டர்தான் வழக்கம். பேரம் பேசுகிற ஆட்டோக்கள் வெளியூர் ரயில் வந்து நிற்கும் வாசல்களில்தான் அதிகம். நூறடி நடந்து ரோட்டுக்கு வந்தால் பாதி பிரச்சினை தீர்ந்துவிடும்.

இன்னொன்று. சயானைத் தாண்டித் தெற்கே, மேற்குப் பக்கம் பாந்த்ராவைத் தாண்டித் தெற்கே ஆட்டோ ஓட அனுமதி கிடையாது. செம்பூரில் ஏறி "மாட்டுங்கா" என்றால் அவர் தலையாட்டி மறுப்பார், அல்லது சயானில் இறக்கிவிடுவார். அது ஏமாற்று இல்லை. அங்கிருந்து டாக்ஸி, அல்லது 'பெஸ்ட்' எனும் மாநகர பஸ். பஸ்ஸில் சாதாரணத்துக்கு 10 ரூபாய், ஏ.சி.க்கு 12 ரூபாய் குறைந்தபட்சம். முன்பலகையில் எண் பெரும்பாலும் தேவநாகரியில் இருக்கும், பதறாமல் பக்கவாட்டுப் பலகையைப் பாருங்கள்.

அனுமதி உள்ள பகுதியிலேயே வர மறுப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 178-வது பிரிவின்படி குற்றம். அரைகுறை இந்தியில் நடுரோட்டில் சண்டை போட்டு ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. வண்டி எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு, நேரமும் இடமும் குறித்துக்கொள்ளுங்கள். புகார் எந்த ஆர்.டி.ஓ.வுக்கு என்பதை அந்த எண்ணே சொல்லும். எம்.எச். 01 என்றால் தார்தேவ், 02 அந்தேரி, 03 வடாலா, 47 போரிவலி.

இனி லோக்கல். மும்பைக்குப் புதிதாக வருகிறவர் பயப்படுவதும் இதற்குத்தான், தப்பு செய்வதும் இதில்தான். மாட்டுங்கா, சயான் இரண்டிலும் ஸ்லோ வண்டி மட்டுமே நிற்கும். ஃபாஸ்டில் ஏறினால் தாதரை விட்டால் குர்லாதான். தாதரிலிருந்து செம்பூருக்கு நேர் வண்டி இல்லை, குர்லாவில் இறங்கிப் பாலம் ஏறி ஹார்பர் லைனுக்கு மாற வேண்டும். சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸில் (சி.எஸ்.எம்.டி.) ஹார்பர் வண்டி ஏறுகிறவர் அது பன்வேல், வாஷி பக்கம் போவதா, அந்தேரி பக்கம் போவதா என்று பார்த்து ஏற வேண்டும், வடாலாவில் பாதை இரண்டாகப் பிரிகிறது. தாதரில் 2023 டிசம்பரிலிருந்து சென்ட்ரல் பக்கத்து பிளாட்பாரங்களுக்கு 8 முதல் 14 வரை புது எண்கள். பத்து வருஷத்துக்கு முன் வந்துபோனவர்கள் சொல்லும் "தாதர் ரெண்டாம் நம்பர்" இப்போது வேறு லைன்.

மாமா மூன்றாம் நாள் ஏறியது முதல் வகுப்பு. வெளியே சாய்ந்த கோடுகள் போட்டிருக்கும், அதைக் கவனிக்கவில்லை. "கூட்டமே இல்ல, நல்லா ஒக்காந்து போனேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே இறங்கியிருக்கிறார். பிளாட்பாரத்திலேயே டிக்கெட் பரிசோதகர் (டி.சி.) நின்றார். இரண்டாம் வகுப்பு டிக்கெட்டில் முதல் வகுப்பில் போனால் கட்டண வித்தியாசமும், அதோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதல் கட்டணமும் உண்டு. தெரியாமல் ஏறினேன் என்பது பதில் ஆகாது. பெண்கள் பெட்டியில் ஆண் ஏறினால் ரயில்வே சட்டத்தின் 162-வது பிரிவில் தனி அபராதம். ஊனமுற்றோருக்கும் புற்றுநோயாளிகளுக்கும் ஒதுக்கிய பெட்டி ஒன்று உண்டு. டாடா மெமோரியலுக்கு வருகிறவர்கள் மருத்துவமனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டால் அதில் ஏறலாம்.

டி.சி. பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். பேட்ஜும் அடையாள அட்டையும் காட்டச் சொல்லலாம், தப்பில்லை. ரசீது தராமல் "முந்நூறு கொடு, போ" என்கிறவர் டி.சி.யே இல்லாமலும் இருக்கலாம். டிக்கெட் இல்லை என்பதற்காகத் தனியாக வரும் பெண்ணையோ குழந்தையையோ இரவில் நடுவழி ஸ்டேஷனில் இறக்கிவிட முடியாது. அவர்கள் ஏறிய ஸ்டேஷனிலோ, ஜங்ஷனிலோ, கடைசி ஸ்டேஷனிலோ, மாவட்டத் தலைநகரிலோதான் இறக்கலாம், அதுவும் பகலில் மட்டும் என்று ரயில்வே சட்டத்தின் 139-வது பிரிவு சொல்கிறது. இது நிறையப் பேருக்குத் தெரியாது.

இப்போது அந்த ஐந்து ரூபாய்ச் சீட்டுக்கு வருகிறேன். இறங்கியதும் மாமா அதைச் சுருட்டி ஒரு டீக்கடை வாசலில் போட்டார். தடுத்து எடுத்தேன். "இதுல என்னப்பா இருக்கு?" என்றார்.

எட்டு லட்சம் இருக்கிறது. 2025 ஜூன் 9 காலை, திவாவுக்கும் மும்ப்ராவுக்கும் நடுவே எதிரெதிரே போன லோக்கல்களின் படியில் தொங்கியவர்கள் கீழே விழுந்தார்கள். குறைந்தது நான்கு பேர் இறந்தார்கள். இந்த ஊரில் ஓடும் ரயிலிலிருந்து விழுவது செய்தித்தாளில் அபூர்வமான செய்தியே அல்ல. ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவு, பயணி ரயிலிலிருந்து தவறி விழுந்தால் ரயில்வே இழப்பீடு தர வேண்டும் என்கிறது. ரயில்வே தப்பு செய்தது என்று நாம் நிரூபிக்கவேண்டியதில்லை. 2017 ஜனவரி முதல் உயிரிழப்புக்கு எட்டு லட்சம் ரூபாய், காயங்களுக்கு அட்டவணைப்படி. தற்கொலை, தானே வேண்டுமென்று செய்துகொண்ட காயம், குடிபோதை, சொந்தக் குற்றச்செயல், இயல்பான நோய் என்று சில விதிவிலக்குகள் உண்டு. தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து அடிபட்டவர் இந்தப் பிரிவில் வரமாட்டார், மாறாக அத்துமீறி நுழைந்ததற்கு 147-வது பிரிவில் வழக்கு வரும். பாலம் ஏறச் சோம்பல்பட்டுப் போனவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

கூட்டத்தில் படியில் நின்றவர் விழுந்தால் அது அவர் அஜாக்கிரதை, பணம் கிடையாது என்று ரயில்வே வாதாடுவது பழக்கம். கேரளத்தில் வண்டி ஏற முயன்று விழுந்து இறந்த ஒரு பெண்ணின் குடும்பத்துக்காக 2008-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. ஏறும்போது விழுவதும் 'தவறி விழுதல்'தான், அஜாக்கிரதை இதில் தடையாகாது என்றது. 2018-ல் ரீனா தேவி வழக்கில் இன்னொரு படி போனது. இறந்தவர் சட்டைப்பையில் டிக்கெட் இல்லை என்பதாலேயே அவர் டிக்கெட் எடுக்காதவர் என்று முடிவு கட்டக்கூடாது, குடும்பத்தார் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் மறுத்துக் காட்டும் பொறுப்பு ரயில்வேக்கு என்றது. ஆனால் தீர்ப்பாயத்தில் அந்த வாதத்தை நடத்த எத்தனை வருஷம் ஆகும் என்று யோசியுங்கள். டிக்கெட் இருந்தால் அந்தப் பேச்சே எழாது. விண்ணப்பத்துக்கு விபத்து நடந்ததிலிருந்து ஒரு வருஷம் கெடு. ரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயத்துக்கு மும்பைக்கு அலையவேண்டியதில்லை, குடியிருக்கும் ஊர் எந்தக் கிளையின் கீழ் வருகிறதோ அங்கேயே போடலாம், சென்னையில் கிளை இருக்கிறது.

செல்போனில் டிக்கெட் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரயில்ஒன் செயலியில் ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போய்விட்டால் அது மறுக்கும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பயணம் தொடங்க வேண்டும்.

அந்தச் செல்போனைப் பற்றியே ஒரு எச்சரிக்கை. வாசல் ஓரம் நின்று காற்று வாங்கிக்கொண்டு வாட்ஸ்அப் பார்ப்பவர்களைக் குறிவைத்து, தண்டவாளக் கம்பத்தில் ஏறி நிற்கும் திருடர்கள் கழியால் ஓங்கி அடிப்பார்கள். போன் கீழே விழும், வண்டி போய்விடும். இதற்கு இங்கே 'ஃபட்கா' என்று பெயர். போனைப் பிடிக்கக் குனிந்து வண்டியிலிருந்தே விழுந்தவர்கள் உண்டு. போனால் போகட்டும், விழாதீர்கள்.

போன பின் செய்யவேண்டியது: ரயில்வே போலீஸின் 1512, அல்லது ரயில்வேயின் 139. அவசரம் என்றால் 112. பெண்கள் 103-ஐ அழைக்கலாம். "மத்தியானம் ஊருக்கு வண்டி, யார் ஸ்டேஷனில் உட்காருவது" என்று புகாரை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். விடவேண்டியதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். அம்பாசமுத்திரத்திலும் கொடுக்கலாம். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். நகல் இலவசம். அந்த நகலை வைத்து அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கலாம். வங்கிப் பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930, அதுவும் உடனே. ஊருக்குப் போய் நிதானமாகப் பேசலாம் என்று இருந்தால் பணம் கை மாறிப் போயிருக்கும்.

பெட்டி, பணப்பை திருட்டுக்கு ரயில்வேயிடம் நஷ்டஈடு கேட்பது பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். இடுப்பில் கட்டிவந்த ஒரு லட்ச ரூபாய் திருடுபோன பயணிக்கு ரயில்வே பொறுப்பல்ல என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மழைக்காலத்தில் வருகிறவர்கள் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஒருநாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர் தேங்குவதும், சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே வண்டி நிற்பதும் வருஷாவருஷம் நடப்பது. மோனோ ரயிலை நம்ப வேண்டாம். 2025 ஆகஸ்ட் 19 மழையில் செம்பூர் மைசூர் காலனி பக்கம் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடு அந்தரத்தில் நின்றது, செப்டம்பர் 20-லிருந்து சேவையையே நிறுத்திவைத்தார்கள். ஊருக்குத் திரும்பும் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் போக வேண்டாம் என்று முடிவுசெய்தால் முழுப் பணமும் திரும்ப வரும். ஆனால் வண்டி கிளம்புவதற்கு முன் டி.டி.ஆர். (டிக்கெட் டெபாசிட் ரசீது) போட்டிருக்க வேண்டும்.

விமானத்தில் வருகிறவர்களுக்கு இப்போது சௌகரியம். 2025 அக்டோபரில் முழுதாகத் திறந்த மெட்ரோ மூன்றாம் லைன் மும்பை விமான நிலையத்தின் இரண்டு டெர்மினல்களையும் தொட்டு, தாராவி, தாதர் வழியாகத் தெற்கே போகிறது. தாராவிக்கு ரயிலில் சயான் வந்து போகிறவர்கள், 2024 ஆகஸ்ட்டில் புதிதாகக் கட்டுவதற்காக மூடிய சயான் மேம்பாலம் திறந்துவிட்டதா என்று உறவினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டாக்ஸி சுற்றிக்கொண்டு போகும். தாராவியில் வீட்டு வாசலில் துணி துவைக்கிறவரைப் போட்டோ எடுக்காதீர்கள். அங்கே இருப்பவர்களுக்கு அது படத்தில் பார்த்த செட் அல்ல.

லாட்ஜில் ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு எண்கள் மறைந்த 'மாஸ்க்ட்' ஆதாரைக் கொடுங்கள். ஓட்டலில் பில்லோடு சேவைக் கட்டணம் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம், அது கட்டாயமில்லை என்பதை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒத்துக்கொள்ளாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போகவேண்டுமானால், 2019-ம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே மும்பை ஓட்டல் மேல் வழக்குப் போடலாம். பில் மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும்.

நாலாம் நாள் மாமாவைத் திலக் நகரில் இறக்கிவிடக் கூடவே போனேன். டெர்மினஸ் பக்கம் நடக்கும்போது சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். அந்த நாலு நாளில் எடுத்த லோக்கல் டிக்கெட், பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் ரப்பர்பேண்ட் போட்டு வைத்திருந்தார். முதல் வகுப்புக்குக் கட்டிய அபராத ரசீது எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. "அத்தைகிட்ட மட்டும் சொல்லிராத," என்றார்.