கொல்லைக் காய்கறித் தோட்டமும் முதல் வருஷ விதைப்பும்

ஏக்கர் கணக்கில் நெல் விளைவிக்கும் குடும்பங்களுங்கூட அன்றாடக் கறிக்குச் சந்தையையும் தெருவில் வரும் வண்டியையும் எதிர்பார்த்திருப்பது காவிரிப் பாசனக் கிராமங்களில் சாதாரணமாகக் காணப்படுகிறது. வீட்டின் பின்புறம் கொல்லை இருக்கிறது. கிணறோ குழாயோ இருக்கிறது. மாடு வைத்திருப்போர்க்கு எருவும் இருக்கிறது. ஆடியில் ஆசையோடு விதைத்து, ஆவணியில் வெறுமையாய்க் கிடக்கும் பாத்தியைக் கண்டு, “இந்த மண்ணுக்கு ஒன்றும் வராது” என்று கைவிட்டவர் பலர். மண்ணின் மீது சுமத்தப்படும் இக்குற்றத்தில் பெரும்பகுதி விதையையும் விதைத்த முறையையும் சேர்ந்ததாகும்.

இதனால் உண்டாகும் நஷ்டம் காசு மாத்திரமன்று. 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை உடையவர்கள். கீரை ஒன்றே இதற்கு மருந்தாகிவிடாது. ஆயினும் கொல்லையில் கீரை இருக்கும் வீட்டில் அது வாரத்தில் நாலைந்து நாள் இலையில் விழும். விலைக்கு வாங்கும் வீட்டில் அவ்வாறு நடப்பது அரிது.

முதல் வருஷத்தில் அரை சென்ட் நிலத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாதிருத்தல் நலம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடமே ஏற்றது. புளியமரத்து நிழலிலும் வேரிலும் சிக்கிய இடத்தில் எவ்வளவு எருவிட்டாலும் பிரயோஜனமில்லை. விதை வாங்குமுன் வேலி அடைக்கவேண்டும். ஒரு கோழி அரை மணி நேரத்தில் ஒரு பாத்தியைச் சீய்த்துவிடும். பாத்திகள் 3 அடி அகலத்துக்கு மேற்படாதிருந்தால், உள்ளே மிதிக்காமல் இரு பக்கமும் நின்று களையெடுக்கலாம். சோப்பு கலந்த நீரைக் கீரைப் பாத்திக்கு விடலாகாது; அதை வாழைக்குத் திருப்பிவிடுவது நல்லது.

இனி விதையைப் பற்றிக் கவனிப்போம். சான்று பெற்ற விதைச் சிப்பத்தில் நீலநிற அட்டை கட்டப்பட்டிருக்கும். கடைகளில் தொங்கும் சிறு பொட்டலங்கள் பெரும்பாலும் விற்பவரே உண்மை நிலையைக் குறித்துப் பொறுப்பேற்கும் வகையின. எதுவாயினும் இரகத்தின் பெயர், முளைப்புத்திறன், சோதித்த தேதி, காலாவதித் தேதி ஆகியவற்றைப் படித்துப் பார்த்தே வாங்கவேண்டும். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் கத்தரிக்கும் தக்காளிக்கும் நூற்றுக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 என விதிக்கப்பட்டுள்ளது. எனவே நல்ல விதையிலும் சில முளையாமற் போவது இயல்பே.

அட்டை சொல்வதை வீட்டிலேயே சோதித்தறியலாம். இருபது விதைகளை எண்ணி, நனைத்துப் பிழிந்த துணியில் பரப்பிச் சுருட்டி, உலராதபடி நீர் தெளித்து நிழலில் வைக்கவேண்டும். வெண்டை நாலைந்து நாளிலும், தக்காளி ஒரு வாரத்திலும், கத்தரியும் மிளகாயும் பத்துப் பன்னிரண்டு நாளிலும் விடை சொல்லிவிடும். கத்தரியில் பதினான்கு முளைத்தால் விதை தரமானது. பத்துக்குக் குறைந்தால் அவ்விதையை விட்டுவிடுவதே மேல். அதில் முளைத்தவையும் வலுக்குன்றியே வளரும். இச்சோதனையைச் செய்யாதவர் பதினைந்து நாள் வெறும் பாத்திக்கு நீர் ஊற்றிக்கொண்டிருக்க நேரும். அதற்குள் பட்டம் பாதி கழிந்துவிடும். நிறமூட்டிய விதைகளில் மருந்து பூசப்பட்டிருக்கும். மீந்ததைக் கோழிக்கு இறைத்தல் கூடாது.

வெண்டை, கொத்தவரை, அவரை, புடல், பாகல், சுரை, பூசணி ஆகியவற்றை நிற்கவேண்டிய இடத்திலேயே ஊன்றவேண்டும். கொடி இனங்கள் வேர் அசைந்தால் சீக்கிரம் தேறுவதில்லை. பாகல், புடல் விதைகளின் ஓடு தடித்தது; ஓர் இரவு நீரில் ஊறவைத்தால் விரைந்து முளைக்கும். ஊன்றும் ஆழம் விதையின் பருமனைப் போல் இரண்டு அல்லது மூன்று பங்கு போதும். புதியவர்கள் கீரை விதையை ஆழப் புதைத்துவிடுகிறார்கள். அவ்வளவு சிறிய விதைக்கு அரை அங்குல மண்ணைத் தள்ளிக்கொண்டு வரச் சத்தி ஏது? அதை மணலோடு கலந்து தூவிக் கையால் மேலாகத் தடவிவிட்டாலே போதுமானது. எறும்புகள் கீரை விதையை வரிசையாய் எடுத்துச் செல்லும். பாத்தியைச் சுற்றிச் சிறிது நொய்யரிசி இறைத்துவைத்தால் அவை அதிலே ஈடுபட்டிருக்க, விதை முளைத்துக்கொள்ளும்.

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் நாற்றுவிட்டே நடவேண்டும். நாற்றங்கால் தரையினும் அரை அடி உயர்ந்திருத்தல் முக்கியம். நன்கு மக்கிய எருவும் மணலும் கலந்து, நாலு விரற்கடை இடைவெளியில் கோடு கிழித்து, விதையைப் பரவலாய் இடவேண்டும். முளைத்த இளநாற்று தரைமட்டத்தில் நீர்கோத்து மடிந்து சாய்வதை நாற்றழுகல் என்பர். இதை வெயிலின் கொடுமை என்றெண்ணி இன்னும் நீர் ஊற்றுவார் உளர்; அது நோயை வளர்க்கும் வழி. நெருக்கமும் அதிக ஈரமுமே இந்நோய்க்கு இடந்தருவன. விதைக்குமுன் கிலோவுக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்துகொள்வது நல்ல காப்பு; வீட்டளவுக்கு ஒரு சிட்டிகை மிகுதி. பூவாளியால் காலையில் அளவாக நீர் தெளித்து, மேல்மண் சற்று உலர்ந்த பின்னரே மறுபடியும் தெளிக்கவேண்டும்.

தக்காளி நாற்றை 25 நாளிலும், கத்தரியை 30 முதல் 35 நாளிலும், மிளகாயை 40 நாளிலும் பிடுங்கி, மாலை வேளையில் நட்டு, மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விடவேண்டும். ஆடியில் நாற்றுவிட்டால் ஐப்பசி அடைமழைக்கு முன் செடி காலூன்றிக்கொள்ளும். ஐப்பசியில் நாற்றுவிடுவோர்க்கு அழுகலே மிஞ்சுவது வழக்கம். பட்டம் தவறியவர் தைக்குக் காத்திருப்பது உத்தமம்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ஒரு கிராம் கத்தரி விதையில் உத்தேசமாக 200 விதைகள் இருக்கும். ஒரு வீட்டுக்கு வேண்டிய செடிகளோ பன்னிரண்டுதான். வீட்டுக்கு வீடு தனித்தனிப் பொட்டலம் வாங்கி, முக்கால் பங்கைப் பழையதாக்கி எறிவதைக் காட்டிலும், தெருவுக்கு ஒரு நாற்றங்கால் அமைத்து, நாற்றைப் பங்கிட்டுக்கொள்வது மேலானது. நாற்று வளர்ப்பதில் கைதேர்ந்த ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டால், முதல் முறை பயிரிடும் பத்துக் குடும்பங்கள் கடினமான முதல் மாதத்தைத் தாண்டிவிடும்.

அடுத்த வருஷத்துக்கு விதையெடுக்க விரும்புவோர், வீரிய ஒட்டு இரகங்களினின்று எடுக்கலாகாது. அவற்றின் விதை தாய்ச்செடியைப் போல் விளையாது. தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பவை. ஆதலால் புதியவர் இவற்றில் தொடங்கலாம். பல இரகச் சுரைகள் அருகருகே இருந்தால் தேனீக்கள் அவற்றைக் கலந்துவிடும். அக்கலப்பு அவ்வருஷக் காயில் தெரியாது, அதன் விதையை ஊன்றிய பின்னரே வெளிப்படும். முற்றப் பழுத்த தக்காளியின் விதையை ஒரு நாள் அதன் சாற்றிலேயே புளிக்கவிட்டுக் கழுவி, நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து, காற்றுப் புகாத புட்டியில், இரகத்தின் பெயரும் எடுத்த தேதியும் எழுதி வைக்கவேண்டும்.