மூன்று பகடையில் ஒரு சாகசம்

1974 ஜனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று சிறு புத்தகங்கள் இருந்தன. கட்டம் போட்ட பலகையும் காய்களும் இல்லை. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அது. முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள். இன்று உலகம் முழுக்க மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடப்படும் கதாபாத்திர விளையாட்டுகள் எல்லாம் அந்தப் பெட்டியின் வாரிசுகள்.

நாலைந்து பேர் கூடுகிறார்கள். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, இன்னொருவர் பூட்டுத் திறப்பதில் கெட்டிக்காரர் என்று ஆளுக்கொரு வேடம் ஏற்கிறார்கள். ஒருவர் மட்டும் தனி வேடம் எதுவும் ஏற்பதில்லை. மற்றவர்கள் நடமாடும் உலகம் முழுவதும் அவர் பொறுப்பு. அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். "கதவைத் திறக்கிறேன்" என்று வீரர் சொன்னால், கதவுக்குப் பின்னால் இருப்பது என்ன என்று அவர் சொல்ல வேண்டும். "கதவை விட்டுவிட்டுச் சன்னல் வழியாகப் போகிறேன்" என்றாலும் சொல்ல வேண்டும். நாவலாசிரியர் ஒரு கதையை ஆண்டுக்கணக்கில் செதுக்கலாம். டன்ஜன் மாஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை புதிய சாகசம் ஒன்று வேண்டும். அதற்கடுத்த சனிக்கிழமை இன்னொன்று.

இந்த நெருக்கடியிலிருந்து பிறந்த கருவிதான் பகடை அட்டவணை. எண்ணிட்ட ஒரு பட்டியலை எழுதி வைத்துக்கொண்டு பகடையை உருட்டுவது. விழுந்த எண்ணுக்கு நேரே இருப்பதை ஏற்றுக்கொள்வது. கேட்க எளிமையாக இருக்கும் இந்த முறைக்குள் வடிவியல், நிகழ்தகவு, உளவியல் மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன.

முதலில் பகடை. இந்த ஆட்டம் தொடங்கிய காலத்தில் 4, 6, 8, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள் உருண்டன. எல்லா முகங்களும் ஒரே அளவுள்ள ஒழுங்கான பலகோணங்களாகவும், எல்லா மூலைகளும் ஒன்றுபோலவும் அமைந்த குவிந்த திண்மங்கள் மொத்தம் ஐந்துதான் என்பது பண்டைய கிரேக்கர்கள் கண்ட உண்மை. அன்றைய பகடைப் பையில் இருந்தவை அதே ஐந்துதான். ஒரு முகத்துக்கும் இன்னொரு முகத்துக்கும் வேறுபாடே இல்லாததால் எந்த முகத்துக்கும் சலுகை கிடையாது. கிரேக்க எழுத்துகள் பொறித்த 20 முகப் பகடைகள் பழைய எகிப்திலிருந்தே கிடைத்திருக்கின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் அப்படி ஒன்றைப் பார்க்கலாம்.

அடுத்தது எண்ணிக்கை. யார், என்ன வேண்டும், எங்கே என்று மூன்று பட்டியல்கள். ஒவ்வொன்றிலும் 20 வரிகள். எழுதியது 60 வரிகள்தான். ஆனால் ஒரு பட்டியலின் எந்த வரியும் மற்றவற்றின் எந்த வரியோடும் சேரலாம் என்பதால் கிடைக்கும் சேர்க்கைகள் 20 × 20 × 20 = 8,000. 'எது குறுக்கே நிற்கிறது' என்று இன்னும் 20 வரிகளை எழுதினால் 1,60,000. வாரம் ஒன்று ஆடினாலும் தீர்க்க 3,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

1979இல் வந்த 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு' நூலின் முதல் பின்னிணைப்பில் கைகாக்ஸ் இந்த முறையை ஒரு பாதாளக் குகைக்குப் பயன்படுத்தினார். வீரர்கள் இருண்ட பாதையில் நடக்கிறார்கள். மாஸ்டர் 20 முகப் பகடையை உருட்டுகிறார். 3 முதல் 5 வரை விழுந்தால் ஒரு கதவு. 14 முதல் 16 வரை என்றால் ஓர் அறை. 18 என்றால் பாதை அடைத்து நிற்கிறது. 20 விழுந்தால் எதிரே ஏதோ ஒன்று நடந்து வருகிறது. அறை என்றால் அதன் அளவுக்கு ஓர் உருட்டல், வாசல்களுக்கு ஓர் உருட்டல், உள்ளே இருப்பதற்கு ஓர் உருட்டல். யாரும் முன்கூட்டி வரையாத குகை, நடக்க நடக்கத் தாளில் விரிகிறது. அடுத்த ஆண்டே, 1980இல், மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற மாணவர்கள் எழுதிய 'ரோக்' என்ற கணினி விளையாட்டும் ஒவ்வொரு முறையும் குகையைப் புதிதாக வரைந்தது.

ஒரு பகடை மட்டும் உருட்டினால் எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு; 20 முகத்தில் ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு ஐந்து. இரண்டு பகடைகளைக் கூட்டும்போது நிலைமை மாறுகிறது. 8 முகப் பகடையையும் 12 முகப் பகடையையும் சேர்த்து உருட்டுங்கள். கூட்டுத்தொகை 2 முதல் 20 வரை வரும். மொத்தச் சேர்க்கைகள் 96. அவற்றில் 2 வருவது ஒரே முறை, 20 வருவதும் ஒரே முறை. 9 முதல் 13 வரையுள்ள ஒவ்வோர் எண்ணும் எட்டெட்டு முறை வரும்.

இப்போது ஒரு காட்டுப்பாதைக்கான சந்திப்பு அட்டவணையை எழுதலாம். 9 முதல் 13 வரை வணிகர் வண்டி, விறகு வெட்டுகிறவர்கள், ஓநாய்க் கூட்டம், 20இல் டிராகன். அந்தப் பாதையில் 96 சந்திப்புகளில் ஒன்றுதான் டிராகனோடு. அது இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். பார்த்தவர்கள் மிகச் சிலர். அடுத்த நாட்டோடு போர் மூண்டுவிட்டதா? வணிகர் வண்டியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, படையிலிருந்து தப்பி ஓடும் சிப்பாய்களை 11க்குக் கொண்டுவந்தால் போதும். வீரர்களிடம் யாரும் சொல்லாமலே நாடு மாறிவிட்டது அவர்களுக்குப் புரியத் தொடங்கும். நல்ல அட்டவணை என்பது ஒரு நாட்டின் நிலவரத்தை எண்களில் எழுதுவது.

தானே யோசித்து எழுதாமல் பகடையிடம் ஏன் போக வேண்டும்? 1994இல் உளவியலாளர் தாமஸ் வார்ட் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. பூமியைப் போல் இல்லாத வேறொரு கோளில் வாழும் விலங்கைக் கற்பனை செய்து வரையும்படி அவர் கல்லூரி மாணவர்களிடம் சொன்னார். எந்தக் கட்டுப்பாடும் இல்லை. வந்த படங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இடமும் வலமும் ஒத்த உடல், கண்கள், கால்கள். முழுச் சுதந்திரம் கொடுத்தாலும் மனம் தெரிந்த தடத்திலேயே நடக்கிறது. பகடை அந்தத் தடத்திலிருந்து நம்மை இறக்கிவிடுகிறது.

இறங்கிய இடத்திலிருந்து கதை எப்படிக் கிளம்புகிறது என்பதற்கு இன்னொரு சோதனை. 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மலும் ஒரு சிறு படம் எடுத்தார்கள். பெரிய முக்கோணம், சிறிய முக்கோணம், ஒரு வட்டம், திறந்து மூடும் பக்கமுள்ள ஒரு பெட்டி. இவை திரையில் நகரும், அவ்வளவே. பார்த்ததை எழுதச் சொன்னபோது 34 பேரில் ஒருவர்தான் வடிவங்களின் அசைவாக மட்டும் எழுதினார். மற்றவர்கள் எல்லாரும் உயிருள்ளவர்களின் செயல்களாகவே விவரித்தார்கள். சண்டை, துரத்தல், அச்சம் எல்லாம் அதில் வந்தன. தொடர்பில்லாத இரண்டை அருகருகே வைத்தால் காரணம் கற்பிக்காமல் நம் மூளையால் இருக்க முடியாது. பகடை இரண்டு பொருள்களைக் கொண்டுவந்து வைக்கிறது. 'ஏன்' என்ற கேள்வியும் அதற்கான பதிலும் நம்முடையவை.

செய்தே பார்த்துவிடலாம். மூன்று உருட்டல்களில் இப்படி விழுந்தது என்று வைத்துக்கொள்வோம்: யார் என்பதற்கு, ஊர்க் கோபுரத்தில் மணியடிப்பவர். என்ன வேண்டும் என்பதற்கு, ஒரு பொருளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். எங்கே என்பதற்கு, ஏரிக்குள் மூழ்கிய கோட்டை.

ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. கேட்கத் தொடங்குவோம். மணியடிப்பவரிடம் எடுத்துவந்த பொருள் என்ன இருக்கும்? அவருடைய மணியின் நாக்கு. கோட்டையின் மணியிலிருந்து அவருடைய தாத்தா கழற்றி வந்தது. ஏன் கழற்றினார்? நாக்குள்ள மணி ஏரிக்கடியில் தானாக அடித்துக்கொண்டிருந்தது. அது அடித்த மறுநாள் ஊரில் ஒரு சாவு விழுந்தது. இப்போது ஏன் திரும்ப வைக்கத் துடிக்கிறார்? நாக்கு போன பிறகு ஏரி சாவை முன்கூட்டிச் சொல்வதில்லை. சாவு மட்டும் நிற்கவில்லை. மணி சாவை வரவழைத்ததில்லை, எச்சரித்திருக்கிறது. இதை அவர் ஒருவர்தான் உணர்ந்திருக்கிறார். குறுக்கே நிற்பது யார்? ஊரே நிற்கிறது. அந்த ஓசையை இன்னொரு முறை கேட்க அங்கே யாருக்கும் தெம்பில்லை. கோடை முடிவதற்குள் போக வேண்டும். மழை வந்தால் ஏரி நிரம்பிவிடும்.

மூன்று உருட்டல்கள், நான்கு கேள்விகள்; ஒரு சாகசம் தயார். கடைசியில் என்ன நடக்கும் என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறோம், அதில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. ரஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் பிராப் 1928இல் நூறு மாயக் கதைகளைப் பிரித்துப் பார்த்து, அவை எல்லாம் 31 வகை நிகழ்வுகளால் ஆனவை, அவை வரும் வரிசையும் மாறுவதில்லை என்று காட்டினார். பாட்டி சொல்லும் கதைக்கு அந்த வரிசை உண்டு, முடிவும் உண்டு. மேசையில் ஆடும் சாகசத்துக்கு முடிவை முன்பே எழுதி வைத்தால் வீரர்கள் வெறும் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். டன்ஜன் மாஸ்டர் அமைத்துத் தர வேண்டியது ஒரு நிலைமை: ஒருவருக்கு ஒன்று வேண்டும், ஒன்று தடுக்கிறது, நேரம் குறைந்துகொண்டே வருகிறது. நாக்கை மாட்டுவதா, உருக்கிவிடுவதா, ஊராரைக் கூட்டிப் பேசுவதா என்பதை அந்த நாலைந்து பேர் முடிவு செய்யட்டும்.

பட்டியல் எழுதும்போதும் இதையே நினைவில் வைக்க வேண்டும். 'ஒரு பூதம்' என்ற வரி விழுந்தால் அடுத்த கேள்விக்குப் பிடி கிடைப்பதில்லை. 'கடன் வசூலிக்க வந்த பூதம்' என்று எழுதினால் யார் கடன், எவ்வளவு, எதற்காக என்று கேள்விகள் தாமே கிளம்பும். ஒவ்வொரு வரியிலும் ஓர் ஆசையோ ஓர் அவசரமோ ஒளிந்திருக்க வேண்டும்.

20 முகப் பகடை வீட்டில் இல்லை என்பது ஒரு தடையே இல்லை. சாதாரண ஆறு முகப் பகடை இரண்டை எடுத்து, ஒன்றைப் பத்தின் இடமாகவும் மற்றதை ஒன்றின் இடமாகவும் படித்தால் 11 முதல் 66 வரை 36 எண்கள் கிடைக்கும், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்போடு. அப்படி மூன்று பட்டியல்கள் எழுதினால் 46,656 சேர்க்கைகள். விடுமுறைக்கு வீட்டில் கூடும் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பட்டியலைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்; ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்க வேண்டாம். உருட்டியதும் எழுகிற முதல் 'ஏன்' யார் வாயிலிருந்து வந்தாலும், அதற்குப் பதில் சொல்ல எல்லாரும் போட்டி போடுவார்கள்.