முத்திரை இருக்கிறது, தங்கம் இருக்கிறதா?

மகளுக்குக் கல்யாணம். பல வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு சங்கிலி வாங்குகிறீர்கள். “முத்திரை போட்ட நகை. பயப்படாதீர்கள்” என்கிறார் கடைக்காரர்.

முத்திரை இருந்தால் போதுமா?

போதாது. முத்திரையையும் போலியாகப் போடலாம் அல்லவா!

3 அடையாளங்கள்

ஹால்மார்க் நகையில் 3 அடையாளங்கள் இருக்க வேண்டும்.

முதலாவது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோணச் சின்னம்.

இரண்டாவது, தங்கத்தின் தரம். 22 காரட் நகை என்றால் 916 என்று இருக்கும். 1,000 பங்கில் 916 பங்கு தங்கம் என்று பொருள்.

மூன்றாவது, எழுத்தும் இலக்கமும் கலந்த 6 இட அடையாள எண். இதற்கு எச்.யு.ஐ.டி. என்று பெயர். ஒரு நகையின் எண் மற்றொரு நகைக்கு வராது. 2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல், இந்த எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது.

எழுத்து மிகப் பொடியாக இருக்கும். கடையில் பூதக்கண்ணாடி கேளுங்கள். எண்ணைப் படித்து, ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற செல்போன் செயலியில் தட்டுங்கள். அது என்ன நகை, தரம் என்ன என்ற விவரம் வரும்.

கவனம் வேண்டியது இங்கேதான்! உங்கள் கையில் இருப்பது சங்கிலி. செயலி ‘மோதிரம்’ என்று சொன்னால்? வேறொரு நகையின் எண்ணைத் திருடிப் பொறித்திருக்கலாம். வாங்காதீர்கள்!

முகமும் திருட்டுப் போகும்

2023 நவம்பரில், நடிகை ராஷ்மிகா மந்தனா லிப்டுக்குள் நுழைவது போல ஒரு வீடியோ பரவியது. அதில் இருந்தது அவர் அல்ல! வேறொரு பெண் அதற்கு முந்திய மாதம் வெளியிட்ட வீடியோ அது. கம்ப்யூட்டர் மூலம் முகத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். அசல் வீடியோ கிடைத்ததும் குட்டு வெளிப்பட்டது. 2024 ஜனவரியில் டெல்லி போலீசார் ஒருவரைக் கைது செய்தார்கள்.

குரலையும் இப்படிச் செய்ய முடியும். “அம்மா, ஆபத்து! பணம் அனுப்பு” என்று மகன் குரலிலேயே போன் வரும். பதறாதீர்கள். போனை வைத்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த மகனின் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறும் முன் தடுக்க வழி உண்டு.

திருட்டு எண் பொறித்த நகையில், எண் அசல். போலிப் படத்தில், முகம் அசல். ஆகவே, பொருளை மட்டும் உற்றுப் பார்த்துப் பயன் இல்லை. அசல் எங்கே இருக்கிறதோ, அங்கே கேளுங்கள். அதுவும் விற்பவர் நீட்டும் போனில் அல்ல, உங்கள் போனில்!