நான்கு கைகளின் மருத்துவம்

இந்தியாவின் 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம், பற்காரையைச் சுரண்டித் தூய்மை செய்யும் பல் சுகாதாரப் பணியாளரையும், பல்செட் முதலியவற்றைச் செய்யும் டென்டல் மெக்கானிக்கையும் வரையறுத்துப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது. மருத்துவருக்கு அருகிலேயே அமர்ந்து பணிபுரியும் உதவியாளரை அது தனியே வரையறுக்கவில்லை. முறையான பயிற்சி பெறாதவரும் இப்பணியில் அமர்த்தப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

உதவியாளரின் திறன் முழுமையாக வெளிப்படுவது 'நான்கு கைப் பல் மருத்துவம்' எனப்படும் முறையில்தான். நோயாளியின் முகத்தைக் கடிகார முகப்பாகவும் உச்சந்தலையைப் பன்னிரண்டு மணியாகவும் கொண்டால், வலக்கைப் பழக்கமுள்ள மருத்துவர் ஏழு முதல் பன்னிரண்டு வரையிலும், உதவியாளர் இரண்டு முதல் நான்கு வரையிலும் இடம்கொள்ள, கருவிகள் நான்குக்கும் ஏழுக்கும் இடையே, அதாவது நோயாளியின் மோவாய்க்குக் கீழே, கைமாறுகின்றன. பல்லைக் குடையும் காற்றுச்சுழலி நிமிடத்திற்கு மூன்று லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்வதால், அதன் வெப்பம் பல்லின் உள்ளிருக்கும் உயிர்த்திசுவான பற்கூழைத் தாக்காதிருக்க நீர் தொடர்ந்து பீய்ச்சப்படுகிறது. அந்நீர் தொண்டைக்குள் இறங்காதபடி உதவியாளர் வலக்கையால் உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டே இடக்கையால் அடுத்த கருவியை நீட்டுகிறார். சுவரிலிருந்து கண்ணெடுக்காத கொத்தனாரின் நீட்டிய கைக்குக் கலவைச்சட்டியைச் சேர்ப்பிக்கும் சித்தாளைப் போல, அடுத்த தேவையை முன்கூட்டியே உணர்வதே இங்குத் தேர்ச்சி எனப்படும்.

நோயாளியின் கண்ணில் படாத மற்றொரு பொறுப்பு கிருமிநீக்கம். கருவிகளில் ஒட்டிய குருதியையும் எச்சங்களையும் முதலில் கழுவி அகற்றிய பிறகே, அழுத்த நீராவியால் கிருமிகளை அழிக்கும் ஆட்டோகிளேவில் 121 பாகை செல்சியசில் 15 நிமிடம் போன்ற உரிய அளவில் வைக்க வேண்டும். பொதியின் மேல் ஒட்டிய நாடா நிறம் மாறுவது வெப்பம் பட்டதை மட்டுமே உணர்த்தும் என்பதால், வெப்பத்தைத் தாங்கவல்ல நுண்ணுயிர் வித்துகளை உள்ளே வைத்து, அவை மடிந்தனவா எனக் குறித்த கால இடைவெளியில் சோதிப்பதும் இன்றியமையாதது.

எனவே பயிற்சியைத் தேர்ந்தெடுப்போர், வாயின் உடற்கூறு, தொற்றுத்தடுப்பு, எக்ஸ்ரே பாதுகாப்பு ஆகியவற்றோடு, நாற்காலியருகே செய்முறைப் பயிற்சியும் உண்டா என ஆராய்வது நலம். தேர்ந்தவர்க்குத் தனியார் கிளினிக்குகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வாய்ப்புண்டு; மேற்கொண்டு பயின்று பல் சுகாதாரப் பணியாளராகவோ, அனுபவத்தால் மருத்துவமனைக் கிருமிநீக்கப் பிரிவின் பொறுப்பாளராகவோ உயரவும் இயலும். நோயாளியின் பாதுகாப்பில் பாதி இவர்கள் கையில் இருக்க, இவர்களை எடுபிடிகளாகக் கருதிக் குறைந்த ஊதியத்தில் நிறுத்துவது தகாது. பயிற்சிக்குச் செலவிடுவதும், பயின்றவரைத் தக்க ஊதியத்தால் தக்கவைப்பதும் ஒவ்வொரு பல் மருத்துவரின் கடமையாகும்.