உங்கள் சமையலறை வெப்பமானி உண்மை சொல்கிறதா?

புற்றுநோய்க்கு வேதிச்சிகிச்சை பெறுவோருக்கும், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டோருக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். பிறருக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு முடியும் உணவுக் கிருமித்தொற்று, இவர்களுக்கு இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவேதான் கோழி இறைச்சியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டும்வரை வேக வேண்டும்; மிஞ்சிய உணவைச் சூடாக்கும்போதும் அதே அளவை எட்ட வேண்டும்; குளிர்பதனப் பெட்டி 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று அறிவுறுத்துகிறோம்.

இதற்காக, கூரிய உலோக முனை கொண்ட சமையலறை வெப்பமானியைச் சிலர் வாங்கி வைத்திருப்பீர்கள். அது புதியதாயினும் பிழையாகக் காட்டக்கூடும். கீழே விழுந்த பிறகு பிழை மிகலாம். பெட்டிக்குள் 4 எனக் காட்டுவது உண்மையில் 9 என்றால், லிஸ்டீரியா போன்ற கிருமிகள் விரைந்து பெருகும். மாறாக, உண்மை வெப்பநிலை 0-க்குக் கீழே இருந்தால், 2 முதல் 8 டிகிரிக்குள் காக்கப்பட வேண்டிய இன்சுலின் உறைந்துவிடும். ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தலாகாது.

பனிக்கட்டிச் சோதனை

ஒரு குவளை நிறைய நொறுக்கிய பனிக்கட்டியை இட்டு, அது மூழ்காத அளவுக்குக் குளிர்ந்த நீர் ஊற்றிக் கலக்கி, சில நிமிடங்கள் விடுங்கள். வெப்பமானியின் முனையை நடுவில் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் வரை செலுத்துங்கள். குவளையின் அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. அரை நிமிடத்தில் 0 காட்ட வேண்டும். ஒரு டிகிரி முன்பின் இருக்கலாம்.

பொன்னேரி, மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியுள்ளது. உப்பு நீர் 0-க்குக் கீழேதான் உறையும். ஆகவே ஆழ்துளைக் கிணற்று நீரையும், மீன் பதப்படுத்தும் பனிக்கட்டியையும் தவிர்த்து, குடிநீரையே பயன்படுத்துங்கள்.

கொதிநீர்ச் சோதனை

தளதளவெனக் கொதிக்கும் நீரில், பாத்திரத்தின் அடியைத் தொடாமல் முனையைப் பிடியுங்கள். ஆவி கையைச் சுடும். இடுக்கியால் பிடிப்பது நன்று. பொன்னேரி கடல் மட்டத்தை ஒட்டிய ஊராதலால் 100 டிகிரி காட்ட வேண்டும். உதகமண்டலத்தில் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கு உறவினர் வீட்டில் சோதித்தால் அதைப் பிழையெனக் கொள்ள வேண்டாம்.

பிழை தெரிந்தால்

வட்ட முகப்புள்ள கருவியில் முகப்பின் பின்புறம் திருகு இருந்தால், பனிக்கட்டி நீரில் வைத்தபடியே அதைத் திருப்பி முள்ளை 0-க்குக் கொண்டுவரலாம். எண் காட்டும் கருவியில் முதலில் மின்கலத்தை மாற்றிப் பாருங்கள். பிறகும் இரு சோதனைகளிலும் 2 டிகிரி கூடுதலாகக் காட்டினால், “2 கழிக்க” என எழுதி ஒட்டிவையுங்கள். ஒன்றில் கூடியும் மற்றொன்றில் குறைந்தும் காட்டினால் வேறு கருவி வாங்குங்கள். மாதம் ஒருமுறையும், கீழே விழுந்த பின்னரும் சோதியுங்கள்.

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. கண்ணாடியாலானது கொதிநீரில் வெடித்துவிடும். நெற்றிக்கு நேரே காட்டும் கருவி, உணவின் உட்சூட்டை அறியாது.

எதிர்ப்பாற்றல் குறைந்தவர்க்கு 38 டிகிரி, அதாவது 100.4 பாரன்ஹீட் காய்ச்சல் கண்டால், விடியட்டும் எனக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.