எந்தச் சோதனையில் தேறியது உங்கள் இருமல் மருந்து?

மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இருமல் மருந்து குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்தான கோல்ட்ரிஃப், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. அதன் எஸ்.ஆர்.-13 பேட்ச்சைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 சதவீதம்தான். அந்த முடிவு வெளியான அதே நாட்களில்தான், அதுவரை சோதித்த மாதிரிகளில் இந்த நச்சு இல்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்திருந்தது. இரண்டில் ஒன்று பொய்யாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. சோதிக்கப்பட்ட மாதிரிகள் வேறு வேறு. எந்தப் புட்டியை எடுத்தார்கள், எந்த முறையில் சோதித்தார்கள், எந்தப் பொருளைத் தேடினார்கள் என்ற மூன்றையும் சொல்லாதவரை, ‘சோதனையில் தேறியது’ என்பதற்கு அர்த்தமே கிடையாது. இந்த மூன்றையும் கேட்கும் உரிமை மருந்து வாங்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

இந்த நச்சு மருந்துக்குள் எப்படி வருகிறது? சிரப்பில் சேரும் பாராசிட்டமால் போன்ற மருந்துகள் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. அவற்றைக் கரைக்க புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற திரவங்களைச் சேர்க்கிறார்கள். மருந்துத் தரத்தில் உள்ளவை விலை அதிகம். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கானவை மலிவு. மலிவான சரக்கில் டை எத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கலாம், அல்லது லேபிள் மாறி அதுவே முழுதாக வந்திருக்கலாம். பிரேக் ஆயில், பிசின் போன்றவற்றின் தயாரிப்பில் பயன்படும் பொருள் இது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கொழகொழப்பாக இருக்கும், நாக்குக்கு இனிக்கும். வீட்டில் இதைக் கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை. உடலுக்குள் போனதும் இது அமிலமாக மாறிச் சிறுநீரகத் திசுவை அழிக்கிறது. முதலில் வாந்தியும் வயிற்றுவலியும், பிறகு சிறுநீர் குறைந்து நின்றுபோவதும் இதன் போக்கு.

கண்ணுக்குத் தெரியாததை ஆய்வகம் கண்டுபிடித்துவிடும் என்று நம்புகிறோம். ஆனால் ஆய்வகக் கருவி தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். சிரப்பில் மருந்து சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்கப் பெரும்பாலும் உயர்செயல்திறன் திரவ வண்ணப்பிரிகை என்ற முறையைக் கையாள்கிறார்கள். கலவையை ஒரு குழாய்க்குள் அழுத்தத்தில் செலுத்தினால், ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். புறஊதா ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கருவி அளக்கும். பாராசிட்டமால் அந்த ஒளியை நன்றாக உறிஞ்சும். டை எத்திலீன் கிளைக்காலோ, வழக்கமாகப் பயன்படுத்தும் அலைநீளத்தில் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஆகவே பாதிக்குப் பாதி நச்சு கலந்த சிரப்பும் இந்தச் சோதனையில் ‘மருந்தின் அளவு சரி’ என்று தேறிவிட முடியும். அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் இருக்காது.

நச்சைப் பிடிப்பது வேறு முறை: வாயு வண்ணப்பிரிகை. முடிபோல மெல்லிய, பல மீட்டர் நீளமுள்ள குழாய்க்குள் மாதிரியை ஆவியாக்கி அனுப்புவார்கள். புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியசில் கொதிக்கும். டை எத்திலீன் கிளைக்கால் 245 டிகிரியில். கிளிசரின் 290 டிகிரியில். கொதிநிலையிலும், குழாயின் உட்பூச்சோடு ஒட்டும் தன்மையிலும் உள்ள இந்த வேறுபாடு அவற்றைத் தனித்தனியாக வெளியேற்றும். தாளில் ஒவ்வொன்றும் தனிச் சிகரமாகப் பதியும். குறிப்பிட்ட நிமிடத்தில் சிகரம் எழுந்தால் அது என்ன பொருள் என்பதைச் சுத்தமான மாதிரியோடு ஒப்பிட்டு முடிவு செய்கிறார்கள். சந்தேகம் இருந்தால் நிறை நிறமாலைமானி அந்த மூலக்கூறை உடைத்து, துண்டுகளின் எடையை வைத்து அடையாளம் சொல்லும். பிரிப்பது ஒரு வேலை, அடையாளம் காண்பது இன்னொரு வேலை. இரண்டும் நடந்தால்தான் முடிவு செல்லும்.

இந்தக் கருவிகளின் விலை பல லட்சம், சிறிய ஆலைகளால் தாங்க முடியாது என்ற வாதம் எப்போதும் எழுகிறது. பாதி உண்மைதான். ஆனால் முதற்கட்டச் சல்லடைக்குப் பெரிய கருவி தேவையில்லை. சிலிக்கா பூசிய சிறு தகட்டில் ஒரு சொட்டு வைத்து, கரைப்பானை ஏற விட்டால் போதும். பொருள்கள் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகை என்ற இந்த மலிவான சோதனையை முதலில் செய்து, சந்தேகப்பட்டதை மட்டும் வாயு வண்ணப்பிரிகைக்கு அனுப்பும் இருகட்ட வழியை உலக சுகாதார நிறுவனமும் வகுத்துத் தந்திருக்கிறது. ஆகவே செலவு ஒரு சாக்கு. 1937-இல் அமெரிக்காவில் எலிக்சிர் சல்ஃபனிலமைடு 100-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர். 2022-இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள். எல்லா இடத்திலும் அதே நச்சுதான். கண்டுபிடிக்கும் வித்தை தெரியாமல் இத்தனை பேர் சாகவில்லை. தெரிந்த வித்தையை உரிய நேரத்தில் செய்யவைக்க யாரும் இல்லாததால் செத்தார்கள்.

அப்படிச் செய்யவைக்கச் சட்டம் இடம் தருகிறது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, தான் வாங்கிய மருந்தை எவரும், அல்லது அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் சங்கமும், 14-ஏ படிவத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்துக் கையொப்பமிட்ட அறிக்கை பெறலாம். 32-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவரே குற்ற வழக்குத் தொடரவும் அனுமதிக்கிறது. கலப்பட மருந்தால் மரணம் நேர்ந்தால் 27-ஆம் பிரிவின்படி குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. இழப்பீட்டுக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது: 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும், ஆய்வகச் சோதனையின்றிக் குறையை நிரூபிக்க முடியாது என்றால், மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையமே உத்தரவிடும்.

பிள்ளை மருத்துவமனையில் கிடக்கும்போது பெற்றோர் படிவத்தோடு அலைய வேண்டுமா என்று கேட்பது நியாயம். வேண்டாம், மருந்தைக் கண்காணிப்பது அரசின் வேலை. ஆனால் அந்த வேலை தொடங்கவே ஒரு தடயம் தேவை. மிச்ச மருந்தைக் கொட்டாமல் மூடி வைப்பது, அட்டைப்பெட்டியையும் பில்லையும் எறியாமல் இருப்பது, பேட்ச் எண்ணைப் படம் எடுப்பது, என்ன மருந்து எவ்வளவு கொடுத்தோம் என்று டாக்டரிடம் சொல்வது ஆகியவை போதும். பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. மருந்து ஆய்வாளருக்கும் எழுத்தில் புகார் தரலாம். திறந்த புட்டியை மட்டும் நம்பினால், ‘வீட்டில் கலந்தது’ என்று ஆலைத் தரப்பு தப்பிக்கப் பார்க்கும். ஆய்வாளர் கடையில் அதே பேட்ச்சின் திறக்காத புட்டிகளை எடுத்து, பங்கிட்டு, முத்திரையிட்டு, ஒரு பங்கைக் கடைக்காரரிடமே விட்டுச் செல்வார். அந்த மாதிரியின் சோதனை அறிக்கைதான் நீதிமன்றத்தில் நிற்கும். அவரை அந்தக் கடைக்கு வரவைப்பது உங்கள் பேட்ச் எண். இன்னும் நல்லது, தேவையில்லாத சிரப்பைத் தவிர்ப்பது: 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, 5 வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசின் சுகாதாரச் சேவை இயக்குநரகம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது.

ஒவ்வொரு பேட்ச்சையும் மூலப்பொருளையும் சோதிக்கும்படி விதி ஏற்கெனவே ஆலைகளுக்கு உண்டு. ஆனால் அதைச் செய்வது ஆலை, சரி என்று எழுதுவதும் ஆலை. காம்பியா மரணங்களுக்குப் பிறகு, 2023 ஜூன் 1 முதல், ஏற்றுமதியாகும் இருமல் சிரப்புகள் அரசு குறிப்பிட்ட ஆய்வகத்தில் தேறிய பிறகே நாட்டைவிட்டுப் போக முடியும். சிந்த்வாடா குழந்தைகளுக்குக் கொடுத்த சிரப்புக்கு அப்படிப்பட்ட வெளிச்சோதனை கட்டாயமாக இருக்கவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தரும் அதே காவலை உள்ளூர்ப் பிள்ளைக்கும் தர வேண்டும். எந்த பேட்ச், எந்த முறை, கிளைக்கால் எவ்வளவு என்ற முடிவைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். சட்டமன்ற உறுப்பினரிடமும் நுகர்வோர் சங்கத்திடமும் நாம் வற்புறுத்த வேண்டிய கோரிக்கை இதுவே.